அடையாள அட்டையும் அனுமதிச் சீட்டும்

மஹ்மூத் தர்வீஷின் ‘அடையாள அட்டை’யை நம் மேடைகள் இனப்பெருமிதத்தின் முழக்கமாகவே போற்றுகின்றன. எம். ஏ. நுஃமானின் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ (1981) வழியே தர்வீஷை அறிந்த தமிழ் வாசகரிலும் பலர் அவ்வாறே கொள்கின்றனர். இது குறைவாசிப்பு என்பது என் கருத்து. அக்கவிதை பிறந்த சட்டச் சூழலை நீக்கிவிட்டால் அதன் பாதி உயிர் போய்விடும்.

1945இல் பிரிட்டிஷ் ஆட்சி பலஸ்தீனத்தில் பாதுகாப்பு அவசரகால விதிகளைப் பிறப்பித்தது. மறு ஆண்டே யூத வழக்கறிஞர்கள் அவற்றைக் கடுமையாகக் கண்டித்தனர். ஆயினும் 1948இல் தோன்றிய இஸ்ரேல் அவ்விதிகளைக் கைவிடவில்லை. தன் அரபுக் குடிமக்களில் பெரும்பாலோரை 1966 வரை இராணுவ ஆட்சியின்கீழ் வைத்தது. 125ஆம் விதியின்படி இராணுவத் தளபதி எந்தப் பகுதியையும் மூடிய பகுதியென அறிவிக்கலாம். அதன்பின் வேலைக்கோ, சந்தைக்கோ, மருத்துவரிடமோ செல்ல எழுத்துமூல அனுமதி வேண்டும். சீட்டின்றிச் சென்றவரை விசாரிப்பது இராணுவ நீதிமன்றம். தேர்தலில் வாக்களிக்கும் குடிமகன், அடுத்த ஊருக்குப் போகப் படையதிகாரியின் கையொப்பத்துக்குக் காத்து நின்றான்.

1964இல் ‘ஒலிவ இலைகள்’ தொகுதியில் வெளிவந்த இக்கவிதை அத்தகைய அதிகாரியின் மேசை முன்னேதான் நிகழ்கிறது. அட்டை எண், பிள்ளைகளின் தொகை, தொழில், அங்க அடையாளம், முகவரி: இது ஒரு படிவத்தின் உள்ளடக்கம். ஆனால் கேட்பவனின் குரல் எங்கும் ஒலிப்பதில்லை. விடை சொல்ல நிறுத்தப்பட்டவனே ஏவல் வினையில் பேசுகிறான். அதிகாரி வெறும் எழுத்தனாகிவிடுகிறான். சட்டம் வகுத்த உறவை ஒரு வினைமுற்று தலைகீழாக்குகிறது. இதுவே கவிதையின் வெற்றி. பசியை எச்சரிக்கையாக வைக்கும் முடிவு மேடைப்பேச்சின் சாயலுடையது என்பாருண்டு. எவரையும் வெறுக்கவில்லை என்று பதிவு செய்த பின்னரே அது வருகிறது. ஆகவே அதுவும் ஏட்டில் ஏறவேண்டிய வாக்குமூலமே.

தர்வீஷே பிற்காலத்தில் அரபு அவைகளில் இதைப் படிக்க மறுத்தார். ஒடுக்குபவனின் முகத்தெதிரே பொருளுள்ள சொல், சொந்த இனத்தார் முன் வெற்றாரவாரமாகிவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதிகாரமோ கவிதையின் இலக்கை மறக்கவில்லை. 2016இல் இஸ்ரேலிய இராணுவ வானொலி இக்கவிதை பற்றி ஒலிபரப்பியதற்காக, அதன் தலைவரைப் பாதுகாப்பு அமைச்சர் அழைத்து விளக்கம் கேட்டார்.

1967 முதல் மேற்குக் கரைப் பலஸ்தீனர் இராணுவ நீதிமன்றங்களின் முன் நிறுத்தப்பட்டு வருகின்றனர். படிவமும் மேசையும் மறைந்துவிடவில்லை. சீருடை அணிந்தவன் அணியாதவனை எந்த உரிமையால் விசாரிக்கிறான் என்னும் கேள்வியே இக்கவிதையின் உள்ளீடு. நம் கைதட்டல் அக்கேள்வியை மூழ்கடித்துவிடலாகாது.