தரணியை வாசித்தல்

இரண்டு மாதமாக ஒரு அட்லஸைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் தரணி. நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறவனுக்கு மூளைப் படத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். சென்னையில் உருவான ஒரு படைப்பு உலகத்துக்கே இலவசமாகத் திறந்து கிடக்கிறது. தமிழில் நான் பார்த்ததெல்லாம் பெருமைச் செய்திகள்தான். யாராவது ஒருத்தர் உட்கார்ந்து வாசிக்க வேண்டாமா?

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இதை 2024 டிசம்பரில் வெளியிட்டது. கருவில் 14 முதல் 24 வாரம் வரை வளர்ந்த சிசுக்களின் மூளைகள். உறையவைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயமிட்டு, ஸ்கேன் செய்து, கணினியில் மறுபடி அடுக்கி முப்பரிமாணமாக்கியிருக்கிறார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். மருத்துவமனை எம்ஆர்ஐயில் மூளை சாம்பல் நிழலாகத்தான் தெரியும். இங்கே பெரிதாக்கிக்கொண்டே போனால், ஒவ்வொரு செல்லும் தனித்தனி ஊதாப் புள்ளியாக நிற்கிறது.

இதன் பலமே காலம்தான். 14 வாரத்து மூளையின் மேற்பரப்பு கிட்டத்தட்ட மொழுமொழுவென்று இருக்கிறது. 24க்கு வரும்போது பள்ளங்கள் விழ ஆரம்பித்துவிட்டன. உள்ளே நடப்பது அதைவிட ஆச்சரியம். மூளையின் நடுவிலுள்ள நீர் அறைகளை ஒட்டிய சுவரில்தான் நரம்புச் செல்கள் பிறக்கின்றன. பிறந்த இடத்தில் தங்குவதில்லை. நூல் மாதிரி நீண்ட துணைச் செல்களைப் பிடித்துக்கொண்டு வெளி விளிம்புக்கு ஏறுகின்றன. முதலில் வந்தவை கீழே உட்காரும். பின்னால் வந்தவை அவற்றைத் தாண்டி மேல் அடுக்குக்குப் போகும். பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுவது இதைத்தான். ஆனால் அந்தச் சுவரையொட்டி ஊதா அப்பிக் கிடக்கும் நெரிசலைப் பார்த்தபிறகுதான், புறப்படுவதற்கு எவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு உறைத்தது. இரவு ஷிப்ட் விடும் நேரத்தில் செம்பரம்பாக்கம் நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் நிற்கிற காட்சிதான் நினைவுக்கு வந்தது. உவமை கொஞ்சம் மலிவுதான், போகட்டும்.

இனி குறைகள். பெயர் தரணி, உள்ளே உறுப்புகளின் பெயரெல்லாம் ஆங்கிலமும் லத்தீனும். சர்வதேச ஆய்வுக்கு அது தேவை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். கிரேயின் உடற்கூற்று நூலை 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் கொண்டுவந்தார். நூற்றைம்பது வருஷம் கழித்து, கணினியில் ஒரு அடுக்கு தமிழ்ப் பெயர்களைச் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமா?

இரண்டாவது, செலவு. மேற்கில் ஆவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக முடித்தோம் என்றார்கள், பத்திரிகைகள் அதையே தலைப்பாக்கின. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாழ்கிறவனுக்கு ‘குறைந்த செலவு’ என்றாலே காது கூர்மையாகிவிடும். மிச்சமான ஒன்பது பங்கு கருவிகளை இங்கேயே வடிவமைத்ததால் வந்ததா, இங்கே உழைப்பு மலிவு என்பதால் வந்ததா? முதலாவது என்றால் அது பெரிய சாதனை. அதைப் பிரித்துச் சொல்லாமல் வெறும் விலையை மட்டும் சொல்வது சாதனையைக் குறைத்துக் காட்டுகிறது.

மூன்றாவதைத்தான் என்னால் எளிதில் தாண்ட முடியவில்லை. இருபது வார மூளை ஒன்று ஆய்வகத்துக்கு வருகிறதென்றால், எங்கோ ஒரு கர்ப்பம் பாதியில் நின்றிருக்கிறது. ஒரு பெண் அந்த நாளில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இந்த வேலையில் மெடிஸ்கேனும், எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித் தண்டலத்தில் இருக்கும் சவீதா மருத்துவக் கல்லூரியும் பங்காளிகள். அந்தப் பெண்கள் யார், எந்த ஊர் என்று நமக்குத் தெரியக் கூடாது. அது சரிதான். அமெரிக்காவின் ‘விசிபிள் ஹ்யூமன்’ திட்டத்தில் என்ன நடந்தது? 1993இல் டெக்ஸாஸில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஜோசப் பால் ஜெர்னிகனின் உடலை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிப் படமெடுத்தார்கள். பெயர் வெளியே வந்தது. உடற்கூற்றியலை விட்டுவிட்டு அவன் செய்த குற்றத்தைப் பற்றியே பேச்சு ஓடியது. ஆகவே பெயர் வேண்டாம்.

ஆனால் பெயரைச் சொல்லாமல் இருப்பது வேறு, ஆளே இல்லாதது மாதிரி நடந்துகொள்வது வேறு. ஒவ்வொரு மூளைக்கும் வார வயது இருக்கிறது. அந்த வாரங்களைச் சுமந்தவளைப் பற்றி நான் வாசித்த செய்திகளில் ஒரு வாக்கியம் இல்லை. ‘நாட்டின் சாதனை’ என்ற சொல் மட்டும் இருந்தது.

அடுத்த பதிப்பில் ஒரே ஒரு பக்கம் சேர்க்கச் சொல்வேன், தமிழில். என்ன கேட்டோம், எப்படிக் கேட்டோம், எப்போது கேட்டோம், மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சாதாரண வார்த்தைகளில். கையெழுத்துப் போட்ட அம்மா எப்போதாவது போனில் அந்த இணையதளத்தைத் திறந்தால், அவளுக்குப் புரிகிற பக்கம் ஒன்றாவது அங்கே இருக்கும்.