சொல் அட்டைச் செயலிகள் யார் பேச்சைக் கேட்க வேண்டும்?

அயல்மொழி ஒன்றைக் கற்க முற்படுவோர் அனைவருக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. இன்று கற்ற சொல் நாளை நினைவில் நிற்பதில்லை. இதற்கு மருந்தாகத் தோன்றியவையே சொல் அட்டைகள். அட்டையின் ஒரு புறம் அயல்மொழிச் சொல். மறுபுறம் அதன் பொருள். முன்புறத்தைப் பார்த்துப் பொருளை நினைவுகூர முயல வேண்டும். பிறகு திருப்பிப் பார்த்துச் சரி தவறு அறிய வேண்டும். இப்போது இவ்வட்டைகள் கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் வந்துவிட்டன. எந்த அட்டையை எந்த நாளில் காட்டுவது என்பதையும் செயலியே முடிவு செய்கிறது.

இச்செயலிகளை உருவாக்குவோர், பயன்படுத்துவோரின் கருத்துகளைக் கேட்டுப் புதிய வசதிகளைச் சேர்ப்பது வழக்கம். ஆனால் பயன்படுத்துவோர் கேட்பவை எல்லாம் அவர்களுக்கு நன்மை தருமா? 'ஆன்கி' என்னும் செயலியை முதன்மையாகக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

மறதியின் கணக்கு

மறதியை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கிட்டு, 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவர் கண்ட உண்மை. 1972இல் லைட்னர் என்பவர், அட்டைகளைப் பல அறைகள் கொண்ட பெட்டியில் வைத்துப் படிக்கும் முறையை விளக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும். தவறிய அட்டை முதல் அறைக்குத் திரும்பும். பின்னறைகளில் உள்ளவற்றை நீண்ட இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும்.

போலந்து நாட்டு மாணவர் வோஸ்னியாக் 1987இல் இதைக் கணிப்பொறி நிரலாக்கினார். அதன்படி முதல் இடைவெளி 1 நாள். அடுத்தது 6 நாள். அதன்பின் ஒவ்வொரு முறையும் முந்தைய இடைவெளியை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். தொடக்கத்தில் அவ்வெண் 2.5. அட்டை கடினமானது என்று தெரிந்தால் எண் குறையும், ஆனால் 1.3க்குக் கீழே போகாது. 2006இல் டேமியன் எல்ம்ஸ் உருவாக்கிய ஆன்கி, இம்முறையையே சிறிது மாற்றி எடுத்துக்கொண்டது. ஆன்கி என்பது மனப்பாடத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்.

முறையீடு சரியாக இருந்த இடம்

ஆன்கியில் அட்டையைப் பார்த்தபின் நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும்: 'மீண்டும்', 'கடினம்', 'நன்று', 'எளிது'. பழைய முறையில், மறந்துபோய் 'மீண்டும்' அழுத்தினால் பெருக்கெண்ணில் 0.20 குறையும், 'கடினம்' என்றால் 0.15 குறையும், 'எளிது' என்றால் 0.15 கூடும்; 'நன்று' என்றால் மாற்றமில்லை. பெரும்பாலோர் அழுத்துவது 'நன்று' பொத்தானையே. எனவே ஒருமுறை இறங்கிய எண் மீண்டும் ஏறுவது அரிது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 10 நாள் இடைவெளியை எட்டிய ஓர் அட்டை ஓராண்டு இடைவெளியைத் தாண்ட வேண்டும். பெருக்கெண் 2.5 ஆனால் 4 முறை பார்த்தால் போதும். 1.3 ஆனால் 14 முறை பார்க்க வேண்டும். ஒரு சொல்லைத் தொடக்கக் காலத்தில் ஆறு முறை மறந்தவர், பிறகு அதை நன்கு கற்றுவிட்டாலும் இத்தண்டனையிலிருந்து தப்ப முடியாது. நாள்தோறும் அட்டைகள் குவிகின்றன என்று பயன்படுத்துவோர் முறையிட்டனர். இந்நிலைக்கு 'நரகம்' என்ற பெயரையும் சூட்டினர். அவர்கள் முறையீட்டில் நியாயம் இருந்தது. வலி எங்கே என்று சொல்வதில் நோயாளியை விஞ்சிய சாட்சி யாருமில்லை.

முறையீடு வழி தவறும் இடம்

ஆனால் மருந்தையும் நோயாளியே எழுதிக்கொள்ளலாமா? இங்கேதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கார்ப்பிக், ரோடிகர் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 2008இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களையும் அவற்றின் ஆங்கிலப் பொருளையும் கற்பித்தனர். சில குழுக்களில், ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் அதைத் தொடர்ந்து கேட்டுச் சோதித்தனர். வேறு சில குழுக்களில், ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டனர்.

ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, தொடர்ந்து கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 80 விழுக்காடு சொற்களை நினைவுகூர்ந்தனர். நீக்கப்பட்ட குழுக்களின் அளவு 36, 33 விழுக்காடுகளே. இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. ஒரு வாரத்தில் எத்தனை சொற்கள் நினைவிருக்கும் என்று மாணவர்களையே முன்கூட்டிக் கேட்டபோது, எல்லாக் குழுவினரும் ஏறத்தாழப் பாதி என்றே சொன்னார்கள். தம் நினைவாற்றலைப் பற்றி அவர்களுக்கே சரியான மதிப்பீடு இல்லை.

'தெரிந்த சொல்லை ஏன் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள்? நீக்கிவிடுங்கள்' என்பது சொல் அட்டை பயில்வோருக்கு இயல்பாகத் தோன்றும் வேண்டுகோள். அதை அப்படியே நிறைவேற்றும் செயலி பயன்படுத்துவோரின் பாராட்டைப் பெறும். அவர்களுடைய சொற்களையோ இழக்கச் செய்யும். படிக்கும்போது எளிதாக இருப்பதும், பிறகு நினைவில் நிற்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது சாட்சி

அப்படியானால் யாரைக் கேட்பது? ஆன்கி ஒவ்வொரு அட்டையையும் எந்த நாளில் பார்த்தோம், எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பதைப் பதிவு செய்து வைக்கிறது. வாயால் சொல்லும் கருத்தைப் போலவே இதுவும் பயன்படுத்துவோரின் கருத்துதான். ஆனால் இதைச் சொல்வது நாவன்று, நினைவே.

சீனாவைச் சேர்ந்த ஜாரெட் யே என்பவர், அந்நாட்டின் மைமெமோ என்னும் சொல் பயிற்சிச் செயலியின் பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வு 2022இல் வெளியாயிற்று. அடுத்து அவர் ஆன்கிக்கு வகுத்த புதிய முறை, 2023இன் இறுதியில் வந்த 23.10 பதிப்பில் விருப்ப வசதியாகச் சேர்க்கப்பட்டது. இதில் ஒவ்வோர் அட்டைக்கும் கடினத்தன்மை, நிலைப்புக் காலம், இன்று நினைவுகூரும் வாய்ப்பு என மூன்று அளவுகள் உண்டு. நினைவுகூரும் வாய்ப்பு 90 விழுக்காட்டுக்கு இறங்க ஆகும் நாள்களே நிலைப்புக் காலம். கதிரியக்கத் தனிமத்தின் அரை ஆயுட்காலத்தோடு இதை ஒப்பிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கதிரியக்க அணுவை நாம் எத்தனை முறை அளந்தாலும் அதன் அரை ஆயுட்காலம் மாறாது. சொல்லையோ வெற்றிகரமாக நினைவுகூரும்போதெல்லாம் நிலைப்புக் காலம் நீள்கிறது.

இம்முறையின் சிறப்பு, விலையை மறைக்காமல் சொல்வதாகும். 2023இல் சேர்ந்த வடிவின் சூத்திரப்படி, 90 விழுக்காடு போதும் என்பவருக்கு இடைவெளி 100 நாள் என்றால், 95 விழுக்காடு வேண்டும் என்பவருக்கு அது 47 நாளாகக் குறையும். 80 போதும் என்பவருக்கு 225 நாளாக நீளும். 5 விழுக்காடு கூடுதலாக வேண்டுமானால் இருமடங்குக்கு மேல் உழைக்க வேண்டும். இலக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயில்வோருக்கு. நாள்களைக் கணக்கிடும் பொறுப்பு பதிவேட்டுக்கு. இது நல்ல பங்கீடு.

குறைகள்

பதிவேடும் பிழைபட முடியும். மறந்துபோன சொல்லுக்குச் சிலர் 'கடினம்' பொத்தானை அழுத்துகின்றனர். 'சொல் கடினமாக இருந்தது. ஆகவே கடினம்' என்பது அவர்கள் எண்ணம். செயலியோ அதை 'சிரமப்பட்டு நினைவுகூர்ந்தார்' என்று வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. இவ்வாறு செய்யாதீர் என்று ஆன்கியின் கையேடு எச்சரிக்கிறது. ஆயினும் கையேட்டைப் படிப்போர் எத்தனை பேர்? சுழிப்பிழை உள்ள திருகு அளவியை மாணவர் கையில் கொடுத்துவிட்டு, பிழையைக் கழித்துக்கொள் என்று சொல்வது போன்றது இது. முதலில் 'நினைவு வந்ததா, இல்லையா' என்று கேட்டு, வந்தது என்றால் மட்டும் 'எவ்வளவு சிரமம்' என்று கேட்டால் இக்குழப்பம் எழாது. கட்டப்பட வேண்டிய வசதி இதுவே என்பது என் கருத்து.

ஆன்கியில் பாராட்டத்தக்க இன்னொரு வசதி உண்டு. கற்று முடித்த ஓர் அட்டை 8 முறை மறந்துபோனால் செயலி அதைத் தனியே குறியிடுகிறது. நேரத்தை உறிஞ்சுவதால் இதற்கு ஆங்கிலத்தில் இரத்தம் உறிஞ்சும் பூச்சியின் பெயரை இட்டுள்ளனர். அப்பூச்சிக்குத் தமிழிலும் அட்டை என்றே பெயர்! இங்கே செயலி நமக்குக் கருத்துச் சொல்கிறது: 'குறை உன் நினைவில் இல்லாமலிருக்கலாம், அட்டையைத் திருத்தி எழுது.'

எதை வெற்றி என்று அளக்கிறோம் என்பதும் முக்கியம். டுவோலிங்கோ நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில், அரை ஆயுட்காலக் கருத்தைப் பயன்படுத்திய தம் முறை பழைய முறைகளைவிட நினைவை நன்கு கணித்தது என்று காட்டினர். நடைமுறைப் பயன் என்று கூறியதோ, பயில்வோரின் அன்றாட ஈடுபாடு 12 விழுக்காடு கூடியது என்பதே. திரும்பி வராதவர் கற்க முடியாது என்பது உண்மை. ஆனால் திரும்பி வந்தவரெல்லாம் கற்றார் என்று அதனால் பெறப்படாது.

நீங்களே சோதிக்கலாம்

இவ்வுண்மையை அறியக் கைப்பேசி தேவையில்லை. 40 புதிய ஆங்கிலச் சொற்களை அட்டைகளில் எழுதி இரண்டு கட்டுகளாகப் பிரியுங்கள். முதல் கட்டில், சரியாகச் சொன்ன அட்டையை உடனே விலக்கிவிடுங்கள். இரண்டாவதில் எதையும் விலக்காமல் மேலும் மூன்று முறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டிலும் எத்தனை சொற்கள் ஒரு வாரம் கழித்து நினைவிருக்கும் என்ற மதிப்பீட்டைத் தாளில் எழுதி மடித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்து, அத்தாளைப் பிரித்து ஒப்பிடுங்கள். எந்தக் கட்டு நிலைத்தது என்பதோடு, உங்கள் மதிப்பீடு எவ்வளவு தொலைவு விலகியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.