கோபப் பாட்டும் கொஞ்சும் குரலும்

கங்காணியை ஏசும் பாட்டைத் தாலாட்டு மாதிரி பாடினால் எப்படி இருக்கும்? கோலா தெர்லா தேயிலைத் தோட்டத்தில் நின்று யோசித்துப் பாருங்க.

பிரான்சின் நூவெல் வாக் குழு 2004-இல் இப்படித்தான் செய்தது. போலீஸ் கெடுபிடிக்கு எதிராகக் கொதிக்கும் ‘தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்’ பாடல் 1979-இல் தி கிளாஷ் என்ற பங்க் ராக் குழு தந்தது. நூவெல் வாக்கில் அதையே ஒரு பெண்குரல், போசா நோவா தாளத்தில் மென்மையாகப் பாடுகிறது. முதலில் சிரிப்பு வரும். பிறகு சொற்கள் தெளிவாகக் காதில் விழும். அது லாபம்.

நஷ்டம்? துன்புறுத்தலில் பிறப்பது வெகுளி, எள்ளலில் பிறப்பது நகை என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். இங்கே வெகுளியின் இடத்தில் நகை உட்கார்ந்துவிடுகிறது. அடிபட்டவன் வலி வேடிக்கையாகிறது.

மாணவர்களே, தேர்வில் தொனியைக் கேட்டால் சொற்பொருளோடு நிறுத்தாதீங்க. யார், யாரிடம், எந்தக் குரலில் சொல்கிறார் என்பதையும் எழுதுங்க.