நிலம் ஒன்று, பொழுது இரண்டு: ‘சைபீரியா’ ஆட்டவரிசையில் காலமும் பழுதும் – காஞ்சிபுரத் தறியின் வழி ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

பெல்ஜிய ஓவியர் பெனுவா சொக்கால் உருவாக்கிய ‘சைபீரியா’ கணினி ஆட்டவரிசை (2002–2022) நீராவிக்காலக் கற்பனையும் புதிர்–சாகசக் கட்டமைப்பும் கொண்டது. அதன் நான்காம் பகுதி காலமாற்றத்தையே புதிரின் கருவியாக்குகிறது. மூன்றாம் பகுதி தொழில்நுட்பக் குறைகளுக்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. தொல்காப்பியம் கூறும் முதற்பொருள், கருப்பொருள் என்னும் கருத்தாக்கங்களையும், காஞ்சிபுரப் பட்டுத்தறியில் காலமும் பழுதும் பெறும் பொருளையும் துணையாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வரிசையை வாசிக்கிறது. இயந்திரத்தை மனிதமயமாக்கும் இவ்வகைப் புனைவு அதில் உழைத்த மனிதரை எவ்வாறு காணாமலாக்குகிறது என்பதே இதன் வினா.

திறவுச்சொற்கள்: சைபீரியா, ஸ்டீம்பங்க், ஜக்கார்டு, கோர்வை, பொழுது, செய்தி, பழுது

நீராவிக் கற்பனையின் பட்டுநூல்

‘ஸ்டீம்பங்க்’ என்னும் சொல்லை 1987இல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் ஏறக்குறைய நகைச்சுவையாகவே உருவாக்கினார். மின்னணுவியல் பிறவாமல் நீராவியும் பற்சக்கரமும் மட்டுமே வளர்ந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்பது அவ்வகைமையின் அடிப்படைக் கற்பனை. வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் 1990இல் வெளியிட்ட ‘தி டிஃபரன்ஸ் எஞ்சின்’ நாவல், சார்லஸ் பாபேஜின் கணிப்பொறி உண்மையிலேயே இயங்கிய ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டைப் படைத்து இக்கற்பனைக்கு நிலையான வடிவம் தந்தது.

பாபேஜின் பகுப்புப்பொறிக்கு முன்மாதிரியாக அமைந்தது பட்டுத்தறி. லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் உருவாக்கிய தறியமைப்பில் துளையிட்ட அட்டைகளே பாவிழைகளுக்கு ஆணையிட்டன. ஜக்கார்டின் உருவத்தைப் பட்டிலேயே நெய்த படம் ஒன்றைப் பாபேஜ் தம்மிடம் வைத்திருந்தார். அதை நெய்ய ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அதே லியோனின் பட்டு நெசவாளர்கள் கூலிக்காக 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்தனர் என்பதும் வரலாறு. ஸ்டீம்பங்க் புனைவுகள் அட்டையை எடுத்துக்கொண்டன. கிளர்ச்சியைப் பெரும்பாலும் விட்டுவிட்டன.

காஞ்சிபுரத்தில் இவ்வட்டைகள் இன்னும் கற்பனைக்குள் போய்விடவில்லை. குழித்தறியின் மேல் ஏற்றப்பட்ட ஜக்கார்டு பெட்டியில், ஒரு மிதிக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் அவை சுழல்கின்றன. துளை உள்ள இடத்தில் ஊசி நுழைய, அதனோடு பிணைந்த பாவிழை எழும்பும். துளையில்லாத இடத்தில் இழை கிடந்தபடியே கிடக்கும். அதற்கு முந்தைய ‘அடை’ முறையில், கட்டிவைத்த கயிறுகளை ஓர் உதவியாள் வரிசை தவறாமல் இழுக்க வேண்டும். அவ்வுதவியாளின் நினைவே பின்னர் அட்டைக்குள் ஏறியது. ஆகவே நீராவிக்கால இயந்திரக் கனவைக் காஞ்சியிலிருந்து வாசிப்பதை வட்டாரப் பற்று என்று ஒதுக்கிவிட முடியாது. அக்கனவின் மூலப்பொருள் புழக்கத்தில் இருக்கும் சில ஊர்களுள் காஞ்சியும் ஒன்று.

கருப்பொருளில் விடுபட்ட ‘செய்தி’

2002இல் வெளிவந்த முதல் ‘சைபீரியா’வின் கதை எளியது. நியூயார்க் வழக்கறிஞர் கேட் வாக்கர், ஆல்ப்ஸ் மலைச் சிற்றூரான வலாடிலேனில் உள்ள தானியங்கிப் பொம்மைத் தொழிற்சாலை ஒன்றின் விற்பனைப் பத்திரத்தில் கையொப்பம் பெற வருகிறார். உரிமையாளர் அன்னா வொரால்பெர்க் இறந்துவிட்டார். இறந்ததாகக் கருதப்பட்ட அவர்தம் தம்பி ஹான்ஸ் வடகிழக்கே எங்கோ உயிரோடிருக்கிறார். ஆஸ்கர் என்னும் தானியங்கி ஓட்டுநருடன், நிலையந்தோறும் சாவி கொடுத்தால் மட்டுமே நகரும் ரயிலில் வாக்கர் அவரைத் தேடிப் புறப்படுகிறார்.

மழையில் நனைந்தபடி தானியங்கி உருவங்கள் நடத்திச்செல்லும் இறுதி ஊர்வலம் தொடக்கக் காட்சியாக அமைகிறது. இவ்வகை ஆட்டங்களில் இதற்கு இணையான தொடக்கம் அரிது. ஆயினும் அதையடுத்து ஆட்டக்காரர் தொழிற்சாலைக்குள் நுழைகையில் ஒரு வெறுமை புலப்படுகிறது. ஆஸ்கருக்குக் கால்கள் செய்ய வேண்டும். பொறிகளை ஆட்டக்காரரே இயக்குகிறார். கால்கள் உருவாகி வருகின்றன. அங்கு ஒரு தொழிலாளியையும் அவர் சந்திப்பதில்லை. ஊரே அத்தொழிற்சாலையை நம்பி வாழ்ந்தது என்று கதை சொல்கிறது. அங்கே மரம் இழைத்தவர் யார், பற்சக்கரம் வார்த்தவர் யார் என்று அது சொல்வதில்லை. பின்னர் வரும் சோவியத் காலத் தொழிற்கூடமான கொம்கோல்ஸ்கிராடும் கைவிடப்பட்டதாகவே காட்சியளிக்கிறது. இயந்திரங்கள் அனைத்தும் ஹான்ஸ் என்னும் ஒரே மேதையின் கனவிலிருந்து நேராக இறங்கி வந்தவைபோல் நிற்கின்றன.

தொல்காப்பியம் கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு ‘செய்தி’யையும் சேர்க்கிறது. உரையாசிரியர்கள் இதற்குத் தொழில் என்று பொருள் கொள்வர். ஒரு நிலம் இலக்கியத்தில் நிலமாவதற்கு அங்கே நிகழும் தொழிலும் வேண்டும் என்பது இதன் உட்கிடை. ‘சைபீரியா’வின் நிலங்களில் மரமுண்டு, மாவுண்டு, இசைக்கருவியும் ஏராளமாக உண்டு, செய்தி இல்லை. அங்கு நிலவும் துயரத்துக்கு விமர்சகர்கள் சூட்டும் பெயர் ஏக்கம். அவ்வேக்கம் யாரைக் குறித்தது என்ற வினாவுக்கு ஆட்டத்தில் விடை கிடைப்பதில்லை.

2022 மார்ச்சில் வெளிவந்த ‘சைபீரியா: தி வேர்ல்ட் பிஃபோர்’ இதில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவருகிறது. அதில் வாக்கர் ஓர் உப்புச்சுரங்கத்தில் கைதியாக வேலை செய்கிறார். உடலுழைப்பு கதையின் மையப் பாத்திரத்தின் மேல் இறங்கும்போது அது தண்டனையின் வடிவில் இறங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது. தண்டனையாகவோ மேதைமையாகவோ அன்றி, அன்றாடக் கூலியுழைப்பாகத் தொழிலைக் காண இவ்வாட்டவரிசைக்குக் கண் வாய்க்கவில்லை.

பொழுதை மாற்றும் விசை

நிலமும் பொழுதும் முதற்பொருள். நான்காம் பகுதியின் புதுமை முழுவதும் இவ்விரண்டின் உறவில் அமைந்துள்ளது. 1937இல் வாகென் என்னும் கற்பனை நகரில் வாழும் இளம் பியானோ கலைஞர் டானா ரோசே ஒருபுறம். 2004இல் அவருடைய தடத்தைத் தேடும் வாக்கர் மறுபுறம். சில கட்டங்களில் ஆட்டக்காரர் தம் விருப்பப்படி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறலாம். அதே அறை, அதே மலை. பொழுது மட்டும் வேறு. ஒரு பொழுதில் அறிந்ததைக்கொண்டு மறுபொழுதில் தடைப்பட்டு நிற்கும் புதிரை அவிழ்க்க முடிகிறது.

ஜோனதன் புளோ 2008இல் வெளியிட்ட ‘பிரெய்ட்’ ஆட்டத்திலும் காலம் ஆட்டக்காரரின் கைக்குள் வருகிறது. ஆயினும் அங்கு காலம் பின்னோக்கி உருள்கிறது, தவறிய தாவல் இல்லாமலாகிறது. ‘தி வேர்ல்ட் பிஃபோர்’ எதையும் இல்லாமலாக்குவதில்லை. டானாவின் நகரைச் சூழ்ந்துவரும் பாசிச இயக்கமான ‘பழுப்பு நிழல்’ வந்தே தீரும். அதை வாக்கரால் மாற்ற இயலாது. இவ்வடக்கம் பாராட்டுக்குரியது. கடந்த காலத்தைத் திருத்தும் ஆற்றலை ஆட்டக்காரருக்குத் தராமல், அதை அறியும் ஆற்றலை மட்டும் தருகிறது.

எனினும் அவ்வறிதலுக்கு எவ்விலையும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் பொழுது மாறுகிறது. தறியிலும் பின்னோக்கிச் செல்வதுண்டு. ஊடை ஒன்று பிசகிப் பல ஊடைகளுக்குப் பின்னரே அது கண்ணில் பட்டால், நெசவாளர் நெய்தவற்றை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். அட்டைகளையும் அத்தனை எண்ணிக்கைக்குப் பின்னோக்கித் திருப்ப வேண்டும். எண்ணிக்கை தவறினால் அட்டையும் துணியும் வெவ்வேறு பொழுதில் நிற்கும். பூ பாதியில் உடையும். உருவப்பட்ட பட்டு புதிய பட்டின் வலுவோடு திரும்புவதில்லை. செலவான நேரத்துக்குக் கூலியும் இல்லை. நெய்த அளவுக்கே கூலி என்னும் முறையில், பின்னோக்கிய காலம் நெசவாளரின் சொந்தக் கணக்கில் எழுதப்படுகிறது. கணினி ஆட்டங்களில் காலக் கையாளுகை குறித்த விவாதங்கள் அதைச் சுதந்திரமாகவே பெரிதும் பேசுகின்றன. காலத்தைத் திருப்புவது ஒரு வேலை, அதைச் செய்பவர் ஒருவர் உண்டு என்பதைத் தறியருகே நிற்பவர் மறக்க வழியில்லை.

பழுது யாருடையது?

2017 ஏப்ரலில் வெளிவந்த ‘சைபீரியா 3’ இவ்வரிசையின் தீராத தலைவலி. பேசுவோரின் உதட்டசைவும் குரலும் பொருந்தவில்லை. விசைப்பலகையிலும் சுட்டியிலும் ஆடுவோருக்குக் கட்டுப்பாட்டுமுறை இடராக இருந்தது. காட்சிக்கோணம் தடுமாறியது, நிரற்பிழைகள் குறுக்கிட்டன, கதையும் நடுவழியில் அறுந்ததுபோல் முடிந்தது. பதின்மூன்று ஆண்டு காத்திருந்தவர்களின் ஏமாற்றம் நியாயமானது.

இத்தகைய குறைகளை அணுகுவதில் இருவகைப் பழக்கங்கள் உள்ளன. நுகர்வோர் மதிப்புரைகள் அவற்றைப் பட்டியலிட்டு மதிப்பெண்ணைக் குறைக்கின்றன. அங்கே பழுது படைப்புக்கு வெளியே நிற்கும் விபத்து. கல்விப்புலக் கட்டுரைகள் சில இதற்கு மறுதலையாகப் பழுதையே அழகியலாக்கி, பொறியின் மறைந்த உள்ளம் அதில் வெளிப்படுவதாகக் கொண்டாடுகின்றன. இரண்டிலும் பழுதுக்கு முகவரி இல்லை.

காஞ்சியின் கோர்வை முகவரி தருகிறது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என நெய்யும்போது, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு வரியிலும் கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். மரபுமுறையில் நெசவாளரோடு பக்கத்தில் இன்னொருவரும் வேண்டும். இருவர் கையும் ஒரே தாளத்தில் ஓடாவிட்டால் இணைப்பு இளகும் அல்லது சுருங்கும். தெரிந்தவர் விரலால் தடவி அதைக் கண்டுபிடிப்பார். எனவே கோர்வையில் காணும் பிசகு இருவருக்கிடையே நழுவிய ஒரு கணத்தின் பதிவு. ஆனால் அதைக் ‘கைவினையின் உயிர்ப்பு’ என்று கொண்டாடுவது, கூலியில் பிடித்தம் செய்யப்படாதவர்களுக்கே எளிது. மேலும், அந்த இரண்டாம் கை பல தறிகளில் ஒரு குழந்தையின் கையாக இருந்தது என்பதைக் கடந்த நூற்றாண்டின் இறுதியில் வெளியான குழந்தைத் தொழில் குறித்த அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. பட்டுப்புடவையின் நேர்த்தியை மரபின் பெருமையாக மட்டும் எழுதும் நம் ஆய்வுக்கட்டுரைகள் பல, வலாடிலேன் தொழிற்சாலையைப் போலவே ஆளில்லாதவை.

இந்நோக்கில் ‘சைபீரியா 3’இன் பொருந்தா உதடுகளையும் இரு கைகளின் தாளப்பிசகாக வாசிக்க இயலும். குரல் தந்தவர் ஓரிடம், உருவத்தை அசைத்தவர் வேறிடம், மொழிமாற்றம் பிறிதோரிடம். உழைப்பு பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, இணைக்கும் காலம் போதாமல் சந்தைக்கு வந்த ஒரு பொருளின் தையல் அங்கு வெளித்தெரிகிறது. முதல் ஆட்டம் தன் இயந்திரங்களைச் செய்தவர்களை மறைத்தது. மூன்றாம் ஆட்டத்தின் பழுது, அவ்வாட்டத்தையே செய்தவர்கள் பலர் என்பதைத் தன்னை அறியாமல் காட்டிவிட்டது. இதனால் அக்குறை மன்னிக்கத்தக்கதாகிவிடாது. அதற்கான விலையைக் கொடுத்தவர், முழுத்தொகையையும் கட்டி வாங்கிய ஆட்டக்காரர். தறியிலோ அவ்விலை நெய்தவர்மேல் விழுகிறது. பழுதைப் பற்றிய எந்தக் கோட்பாடும் இவ்வேறுபாட்டைக் கடந்து செல்ல முடியாது.

சேதமும் செய்கையும்

சொக்கால் படைத்தது ஒரு மாயக்கதை. மாயக்கதையில் கூலிப்பட்டியலைத் தேடுவது முறையா என்னும் மறுப்பு எழலாம். அம்மறுப்புக்கு ஓரளவு வலு உண்டு. சிறுவயதில் தலையில் அடிபட்டு, மாமதங்களைப் பற்றிய கனவிலேயே வாழும் ஹான்ஸ் ஒரு தொன்மப் பாத்திரம். ஆனால் தொழிலைச் சொன்னால் கதையின் மயக்கம் கலைந்துவிடும் என்று கொள்ள வேண்டியதில்லை என்பதற்குத் தமிழ்ச் சூழலிலிருந்தே சான்று உண்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. அதில் புதிர் என்பது சமையல். தாயின் சமையற்குறிப்பேடு சிதைந்திருக்கிறது. வரிகள் அழிந்த இடத்தில் கைப்பழக்கத்தையும் அனுமானத்தையும் கொண்டே இட்லியும் பிரியாணியும் செய்ய வேண்டும். ஆண்டுகள் அத்தியாயந்தோறும் தாவுகின்றன. அங்கும் காலம் உண்டு, பழுதும் உண்டு; இரண்டும் ஒரு பெண்ணின் வேலைக்குள் வைக்கப்பட்டுள்ளன. நீராவியும் பற்சக்கரமும் அதில் இல்லை, ‘செய்தி’ உண்டு.

‘தி வேர்ல்ட் பிஃபோர்’ ஒரே ஒரு காட்சியில் இதற்கு அருகில் வருகிறது. வாகெனின் சதுக்கத்தில் தானியங்கி இசைக்குழு சூழ, டானா பியானோ வாசிக்கிறார். பொறியின் தாளம் தவறாதது. அதற்கு ஈடுகொடுக்க வேண்டியவர் அவர். மனிதக் கையும் இயந்திரமும் ஒரே வேலையில் ஒரே பொழுதில் இணையும் அந்நிமிடங்களே இவ்வரிசையின் உச்சம். 2021 மே மாதம் சொக்கால் காலமானார். பத்து மாதங்களுக்குப் பின்னரே ஆட்டம் வெளிவந்தது. காஞ்சியில் இதற்கிடையே மின்னணு ஜக்கார்டு பரவி வருகிறது. அது ஏறிய தறியில் அட்டைகளுக்கு இடமில்லை. ஆனால் மிதிப்பதும் நாடா எறிவதும் அங்கே நெசவாளர்தாம்.