பளிச்சென்று இருந்தால் சரியான படமா?

பழைய வீட்டுக் கணினிகளுக்கு எச்.டி.எம்.ஐ. போர்டு பொருத்தியவர்கள் காட்டும் போட்டோக்கள் எல்லாம் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். இடது பக்கம் மங்கலான, கோடு விழுந்த, ஓரங்களில் வண்ணம் வழிகிற பழைய திரை. வலது பக்கம் ஊசியால் குத்தி வைத்ததுபோல் பிக்சல்கள். கூடவே "செம கிளியர்" என்று ஒரு வரி. இரண்டும் ஒரே படம், தரம் மட்டும்தான் வேறு என்று நாமும் தலையாட்டிவிட்டுப் போகிறோம். பல மெஷின்களில் இரண்டும் வேறு வேறு படங்கள். எனக்கு இந்த போர்டுகள் மிகவும் பிடிக்கும். அவற்றைப் பாராட்டும் விதம்தான் பிடிக்கவில்லை.

விஷயத்துக்குப் போகும் முன் இரண்டு வார்த்தைகளைத் தெளிவாக்கிவிடலாம். எஃப்.பி.ஜி.ஏ. என்பது உள்ளே இருக்கும் லாஜிக்கை நமக்கு வேண்டியபடி இணைத்துக்கொள்ளக்கூடிய சிப். அதில் புரோகிராம் 'ஓடுவது' இல்லை; நாம் எழுதுவதே சர்க்யூட்டாக மாறிவிடும். சி.பி.எல்.டி. அதன் சின்னத் தம்பி. இதை ஏதோ அந்தக் காலத்துக்கு அந்நியமான தொழில்நுட்பம் என்று நினைக்க வேண்டாம். 1982இல் வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரமின் படத்தை வரைந்தது ஃபெரான்டி கம்பெனியின் யூ.எல்.ஏ. சிப். கேட்டுகளை முன்கூட்டியே வரிசையாகச் செய்து வைத்துவிட்டு, வாடிக்கையாளர் கேட்கும் இணைப்பைக் கடைசியில் தொழிற்சாலையில் போட்டுக் கொடுக்கும் வகை அது. எஃப்.பி.ஜி.ஏ.வுக்குப் பெரியப்பா முறை என்று சொல்லலாம்.

எளிதான மெஷினிலிருந்து தொடங்குவோம். 1981இல் வந்த ஏகார்னின் பி.பி.சி. மைக்ரோ. இந்தியப் பள்ளிகளுக்காக 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் வந்ததும் இதுதான், நம்மில் சிலர் தொட்டிருக்கலாம். இதன் பின்னால் ஆர்.ஜி.பி. சாக்கெட் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி; ஒவ்வொரு கம்பியிலும் 'உண்டு' அல்லது 'இல்லை'. ஆக மொத்தம் 8 வண்ணம். ஆர்.ஜி.பி.டு எச்.டி.எம்.ஐ. என்ற திட்டம் இந்த சாக்கெட்டில் ஒரு சி.பி.எல்.டி.யையும் ஒரு ராஸ்பெரி பை ஸீரோவையும் சேர்க்கிறது. மோட் 0வில் பிக்சல்கள் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் வருகின்றன. ஒவ்வொரு பிக்சலின் நடுவிலும் சரியாகத் தொட்டுப் பார்த்தால் போதும், ஒரு பிட் கூடத் தவறாது. இங்கே "கிளியர்" என்ற பாராட்டு முழுக்க நியாயம். மெஷின் சொன்னது அப்படியே திரைக்கு வருகிறது.

இங்கேயும் ஒரு இடத்தில் சிக்கல் உண்டு. மோட் 7இல் எழுத்துகளை வரைவது எஸ்.ஏ.ஏ. 5050 என்ற டெலிடெக்ஸ்ட் சிப். எழுத்தின் வளைவுகளை மழமழப்பாக்க அது இன்டர்லேஸைப் பயன்படுத்துகிறது: ஒற்றைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைக் கோடுகள் அடுத்த தடவை, வளைவின் பாதி இதில், பாதி அதில். இரண்டையும் திரையில் சேர்த்துப் பார்ப்பது நம் கண்தான். எனவே அந்தச் சேர்க்கும் வேலையையும் போர்டு தன் தலையில் போட்டுக்கொண்டது. டிவியும் கண்ணும் செய்த வேலையில் ஒரு பங்கு போர்டுக்கு வந்துவிட்டது என்பதற்கு இது முதல் உதாரணம். நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

இப்போது மறு கோடிக்குப் போவோம்: ஆப்பிள் 2, 1977. இதன் ஹை-ரெஸ் படம் 280க்கு 192 புள்ளிகள். நினைவகத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு பிட். அப்படியானால் வண்ணம் எங்கே இருக்கு? எங்கேயும் இல்லை. சிக்னல் வயரில் போவதும் வெளிச்சம் உண்டா இல்லையா என்பது மட்டும்தான்.

வாஸ்னியாக் செய்த தந்திரம் இது. அமெரிக்க என்.டி.எஸ்.சி. டிவி, 3.58 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஏறி இறங்கும் எதைப் பார்த்தாலும் அதை வண்ணம் என்று நினைத்துக்கொள்ளும். ஆப்பிள் 2இன் மூல கிரிஸ்டல் 14.318 மெகாஹெர்ட்ஸ், அதாவது அதன் நாலு மடங்கு. புள்ளிகள் போவது இரண்டு மடங்கு வேகத்தில். ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி எரிந்தால் சிக்னல் 3.58இல் துடிக்கும், டிவி அதை ஊதா என்று காட்டும். அதே வரிசையை ஒரு புள்ளி தள்ளி வைத்தால் பச்சை. பைட்டின் எட்டாவது பிட்டை ஏற்றினால் அந்த ஏழு புள்ளிகளும் அரைப் புள்ளி தாமதமாகும். ஊதாவும் பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாக மாறிவிடும். ஒரு பைட்டுக்கு ஏழு புள்ளி என்பதால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹெக்ஸில் 55 என்ற பைட்டை இரட்டைப்படை காலத்தில் வைத்தால் ஊதா. அதே பைட்டை ஒற்றைப்படை காலத்தில் வைத்தால் பச்சை. அங்கேயும் ஊதா வேண்டுமென்றால் 2ஏ எழுத வேண்டும். 1979இல் வாஸ்னியாக் பெற்ற காப்புரிமையின் தலைப்பே 'வீடியோ திரையோடு பயன்படுத்தும் மைக்ரோகணினி' என்ற பொருளில்தான் இருக்கிறது. டிவியைக் கழித்துவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பில் வண்ணம் என்ற பகுதியே காணாமல் போகும்.

ஆகவே ஆப்பிள் 2க்கு 'சிக்னலை அப்படியே சுத்தமாக எடுத்துக் கொடுக்கும்' போர்டு என்று ஒன்று இருக்க முடியாது. இருந்தால் அது கறுப்பு வெள்ளைதான் காட்டும். ஏ2எஃப்.பி.ஜி.ஏ. போன்ற அட்டைகள் ஸ்லாட்டில் உட்கார்ந்து பஸ்ஸை ஒட்டுக்கேட்கின்றன. பிராசசர் வீடியோ நினைவகத்தில் எழுதுவதையெல்லாம் நகல் எடுத்து, அதிலிருந்து படத்தைத் தாங்களே வரைகின்றன. வண்ணத்தையும் தாங்களேதான் தீர்மானிக்க வேண்டும். பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, 'இது ஊதாவா, வெள்ளையா' என்று முடிவெடுக்கும் ஒரு அட்டவணையோ வடிகட்டியோ உள்ளே இருந்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் விமர்சகன் கண்ணைத் திறந்து வைக்கணும். தனியாக எரியும் ஒரு புள்ளியை என்ன செய்வது? பழைய டிவியில் அது கொஞ்சம் அகலமான, வண்ணம் கலங்கிய ஒரு தீற்றலாகத் தெரியும். போர்டு அதைக் கூரான ஊதாப் புள்ளியாக வரையலாம், வெள்ளையாக வரையலாம், இரண்டு புள்ளி அகலத்துக்கு இழுக்கலாம். ஊதாப் பரப்பும் பச்சைப் பரப்பும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை எத்தனை அகலம்? கீழே நாலு வரி எழுத்து ஓடும் கலவை மோடில் எழுத்தின் ஓரத்தில் வண்ணம் கசிவதைக் காட்டுவதா, மறைப்பதா? அந்தக் கசிவு அசலில் இருந்தது. வாசிக்க எரிச்சலாகவும் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் போர்டு ஒரு பதில் சொல்லித்தான் ஆகணும். 1080 கோடுத் திரையில் அந்தப் பதில் கல்வெட்டு மாதிரி கூராகத் தெரிகிறது. கூர்மை அதிகமாக அதிகமாக, இது போர்டு எழுதியவரின் தீர்மானம் என்ற உண்மை கண்ணுக்குப் படாமல் போய்விடுகிறது.

நடுவில் நிற்பது கொமடோர் 64. இதன் விக்-2 சிப் 16 வண்ணங்களைத் தானே உண்டாக்குகிறது. ஆனால் அவற்றை சிவப்பு-பச்சை-நீலமாக அது எப்போதும் சொல்வதில்லை. வெளிச்சம் இவ்வளவு, வண்ணக் கோணம் இவ்வளவு என்று டிவி மொழியில்தான் சொல்கிறது. அதனால் 'கொமடோரின் சரியான பழுப்பு எது' என்ற கேள்விக்குப் பதிலாக இத்தனை பேலட்டுகள் சுற்றுகின்றன.

ஐரோப்பாவின் பால் டிவியில் இன்னொரு குணம் உண்டு. அடுத்தடுத்த இரண்டு கோடுகளின் வண்ணத்தை அது சராசரி எடுக்கும், வெளிச்சத்தைத் தொடாது. பிந்தைய விக்-2 சிப்புகளில் சில வண்ணங்களுக்கு ஒரே வெளிச்ச அளவு: நீலமும் பழுப்பும், சிவப்பும் அடர் சாம்பலும், ஊதாவும் ஆரஞ்சும். அத்தகைய ஜோடியைக் கோடு விட்டுக் கோடு மாற்றிப் போட்டால் திரையில் கோடே தெரியாது; இரண்டுக்கும் நடுவில் பதினேழாவது வண்ணம் ஒன்று தெரியும். டெமோ கலைஞர்கள் இதை நம்பி வரைந்த படங்களை சுத்தமான டிஜிட்டல் போர்டில் பாருங்கள்: பனியன் துணி மாதிரி பட்டை பட்டையாக இருக்கும். படத்தில் ஒரு தவறும் இல்லை. பாதி வேலையைச் செய்த டிவிதான் அங்கே இல்லை.

இதை வைத்துப் பார்த்தால் விக்-2 கவாரி என்ற மாற்று சிப்பின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. (ஜப்பானிய மொழியில் கவாரி என்றால் பதிலாள்.) இது விக்-2இன் இடத்தில் உட்காரும் எஃப்.பி.ஜி.ஏ. போர்டு. புது டிஜிட்டல் வெளியீட்டோடு, பழைய வெளிச்ச-வண்ண சிக்னலையும் உண்டாக்கும் ஏற்பாடு அதில் உண்டு. வண்ண அளவுகளை நீங்களே திருத்தவும் முடியும். 80 காலம் மோடு போன்ற கூடுதல் வசதிகளையும் சேர்த்திருக்கிறார்கள். அது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை, விட்டுவிடலாம். சி0பர்டிராகன் என்ற பெயரில் இயங்குபவர் செய்த போர்டு வேறு வழி. அசல் சிப்பை வைத்துக்கொண்டே, அதன் பஸ்ஸை எஃப்.பி.ஜி.ஏ. கவனித்துப் படத்தை இணையாகக் கணக்கிட்டு, காம்பொனென்ட் வீடியோவாகத் தருகிறது. கொமடோர் திரையில் நெட்டாக விழும் 'ஜெயில் கம்பி' கோடுகள் போய்விடும். அவை யாரும் கேட்டு வாங்கியவை அல்ல, சர்க்யூட்டின் இரைச்சல். போனதில் நஷ்டம் இல்லை. ஆனால் பால் கலப்பும் கூடவே போய்விடும். இரைச்சலையும் கலப்பையும் 'பழைய மங்கல்' என்று ஒரே சாக்கில் கட்டித் தூக்கிப் போடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

வேகமும் இருக்கிறது. பால் கொமடோரின் கடிகாரம் நொடிக்கு 9,85,248 துடிப்பு. ஒரு கோட்டுக்கு 63, திரைக்கு 312 கோடு. வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 50.125 திரை வரும். எச்.டி.எம்.ஐ. எதிர்பார்ப்பது கறாராக 50. கறாரான மானிட்டரைத் திருப்திப்படுத்த முனைந்தால் எட்டு நொடிக்கு ஒரு திரையை விழுங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு ஓடும் ஸ்க்ரோல் அங்கே ஒரு விக்கல் விக்கும். நல்ல போர்டுகள் மெஷினின் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, எச்.டி.எம்.ஐ.யைக் கொஞ்சம் வளைக்கின்றன. சில மானிட்டர்கள் 'சிக்னல் இல்லை' என்று முகத்தைத் திருப்பும். எனக்கு இதில் இரண்டாவதே சரி. மானிட்டரை மாற்றலாம், விளையாட்டை மாற்ற முடியாது. போட்டோவில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது என்பதையும் கவனியுங்கள்.

எஃப்18ஏ பற்றியும் சொல்லியாகணும். டி.ஐ. 99/4ஏ, கலிகோவிஷன், எம்.எஸ்.எக்ஸ். மெஷின்களில் இருந்த டி.எம்.எஸ். 9918ஏ சிப்புக்கு மாற்று. அசல் சிப், ஒரு கோட்டில் நாலு ஸ்ப்ரைட்டுக்கு மேல் காட்டாது. ஐந்தாவது வந்தால் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் கொடி தூக்கும். எஃப்18ஏயில் ஒரு ஜம்பரை மாற்றினால் 32 வரை காட்டும். மின்னி மறையும் உருவங்கள் நிலையாக நிற்கும். அதை ஜம்பராக வைத்தது நல்ல புத்தி. வரம்பை நீக்குவது மேம்பாடா, மாற்றமா என்று தீர்மானிக்கும் பொறுப்பு உங்கள் கையில் வருகிறது.

இவ்வளவு அலசுவது அதிகப்படியா? படக்குழாய் டிவிகள் குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அசல் சிப்புகளைச் செய்யும் தொழிற்சாலைகள் எப்போதோ நின்றுவிட்டன. இனி ஆப்பிள் 2இன் ஆரஞ்சு எப்படி இருந்தது என்று தேடுபவர், போர்டிலிருந்து எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டைத்தான் பார்ப்பார். மெனுவைத் திறந்து அமைப்பை மாற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. எனவே போர்டு பெட்டியிலிருந்து வரும்போது என்ன அமைப்பில் வருகிறதோ, அதுவே நடைமுறையில் வரலாறு ஆகிவிடும்.

அதனால் போர்டு வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: விமர்சனங்களில் போட்டோவைத் தாண்டிப் போங்கள். டெலிவரியில் எந்த பேலட், அது எந்தச் சிப்பை அளந்து எடுத்தது என்று கையேட்டில் இருக்கிறதா? டிவி கலப்பைப் போலச் செய்யும் அமைப்பு உண்டா? பிக்சல்கள் சதுரமா? என்.டி.எஸ்.சி. கொமடோரின் பிக்சல் உயரத்தில் முக்கால் பங்குதான் அகலம். சதுரமாக நீட்டிய திரையில் வட்டங்கள் எல்லாம் பூசணிக்காய் ஆகிவிடும். ஒரு வட்டத்தை வரைந்து, கண்ணாடித் திரை மேல் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.