ஒப்பினெல் கத்தியும் அதன் பூணும்

மடக்குக் கத்தியைப் பற்றி ஒரு சமணன் ஆராய்வதா என்று அன்பர்கள் சிலர் சிரிக்கலாம். இல்லறத்தார் ஒழுக்கம் கூறும் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் ஆசாரியர் சமந்தபத்திரர், பயனின்றிச் செய்யும் தீங்குகளை 'அனர்த்த தண்டம்' என்று ஐந்தாக வகுக்கிறார். அவற்றுள் ஒன்று 'இம்சாதானம்'. கொலைக்குக் கருவியாவதைப் பிறருக்குக் கொடுத்தல். அந்தப் பட்டியலில் வாள் மட்டுமா இருக்கிறது? கோடாலியும் மண்வெட்டியும் நெருப்பும்கூட இருக்கின்றன. மண்வெட்டி இல்லாமல் உழவன் என்ன செய்வான்? ஆகவே இரும்பைப் பார்த்து அல்ல, அது எதற்கென்று அமைக்கப்பட்டது என்பதைப் பார்த்தே முடிவு கட்ட வேண்டும் என்பது என் துணிபு. மும்பையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவனுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மடக்குக் கத்தி கேட்டு வருகிறவருக்கு எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது?

இந்தக் கேள்வியோடு பிரான்சு நாட்டு ஒப்பினெல் கத்தியைப் பார்ப்போம். ஆல்ப்ஸ் மலைச் சாரலில் சவோய் என்று ஒரு பகுதி. அங்கே கோடாலியும் அரிவாளும் அடிக்கும் கொல்லர் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல், 1890இல், பதினெட்டு வயதில், உழவர் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் கத்தி ஒன்றைச் செய்தார். கனத்த கருவிகள் செய்து பழகிய தகப்பனாருக்கு மகனின் இந்த வேலை பிடிக்கவில்லையாம். அலகு, மரப்பிடி, அச்சாணி, பிடியின் தலையில் ஒரு பூண், அவ்வளவுதான் கத்தி. 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் செய்தார். 1935இல் 1ஆம் எண்ணும் 11ஆம் எண்ணும் கைவிடப்பட்டன. முதலாவது மிகச் சிறிசு. மற்றது 10க்கும் 12க்கும் நடுவே தேவையில்லாமல் நின்றது. இருப்பதைக் குறைத்துத் திருத்துகிற வியாபாரி அபூர்வம் என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும்.

அறுபத்தைந்து ஆண்டுகள் அந்தக் கத்திக்குப் பூட்டு கிடையாது. அழுத்தி வேலை செய்யும்போது அலகு மடங்கி விரலில் விழுந்தால் என்ன ஆகும் என்பது வெட்டிக்கிட்டவனுக்குத்தான் தெரியும். 1955இல் ஜோசப்பின் மகன் மார்செல் அதற்கு வழி கண்டார். இருந்த பூணின் மேல் பிளவுள்ள இன்னொரு பூணைச் சுழலும்படி மாட்டினார். பிளவு அலகுக்கு நேரே நின்றால் கத்தி மடங்கும். பூணைத் திருகிவிட்டால் அதன் உலோகம் அலகை மடங்க விடாது. வில்லும் இல்லை, விசையும் இல்லை. 2000இல் இதே பூண், மடித்த நிலையிலும் அலகைப் பூட்டுமாறு திருத்தப்பட்டது. முதல் திருத்தம் விரலைக் காத்தது. அடுத்தது, பையில் இருக்கும்போது தானே திறந்துகொள்ளாமல் காத்தது.

சுவிஸ் கத்தியின் வளர்ச்சி வேறு மாதிரி. கார்ல் எல்சனர் 1897இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தி, இரண்டே விற்களில் ஆறு கருவிகளைத் தாங்கியது; சும்மா சொல்லக்கூடாது, பெரிய சாமர்த்தியம். ஆனால் பின்வந்தோர் கத்தரி, ரம்பம் என்று சேர்த்துக்கொண்டே போய், சில கத்திகள் பையில் அடங்காத தடிமனுக்கு வந்துவிட்டன.

நம் நாட்டு ராம்பூர் கத்தியிலும் பூட்டு உண்டு. அது திறக்கும் ஓசையை இந்திப் படங்கள் நமக்குக் காட்டிக் காட்டி, அந்த ஓசையே மிரட்டலாகிவிட்டது. கைவேலை அருமையானதுதான், மறுக்கவில்லை. எனினும் 2023இல் அந்த ஊர் நாற்சந்தியில் 6 மீட்டருக்கு மேல் நீளமான கத்தியை நிறுத்தினார்கள். வெட்ட வேண்டிய பொருளையே மறந்த கத்தி அது! ஒப்பினெல்லைத் திறக்க நகத்தை வைத்து இழுக்க வேண்டும்; பூட்ட இன்னொரு கை வேண்டும். சண்டைக்காரனுக்கு இந்தத் தாமதம் ஆகாது. மாம்பழம் நறுக்குகிறவருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. என் கடையில் எதை வைப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மரப்பிடி ஈரத்தில் ஊதும். மும்பை மழைக்காலத்தில் அலகு உள்ளே இறுகிக்கொள்ளும். பிடியின் அடியைத் தட்டி அலகை வெளியே வரச் செய்வது சவோய்க்காரர் வழக்கம். கார்பன் எஃகு அலகு புளிப்புப் பட்டால் கறுக்கும், துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். இதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் பிளாஸ்டிக் பிடியும் வந்தாயிற்று, சரி. ஆனால் வெளியூர்ப் பயணத்துக்கென்று செய்த 8ஆம் எண் கத்தியில் விசில் ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு எண்ணைக் கழித்த குடும்பத்துக்கு விசில் எதற்கு? சிறுவருக்கென்று முனை மழுங்கிய 7ஆம் எண்ணில் பூட்டு வைத்தார்கள், நல்லது. 2 முதல் 5 வரையிலான சின்னக் கத்திகளுக்கு இன்னும் அந்தச் சுழல் பூண் இல்லை. சின்னப் பிள்ளைகள் ஆசையாய் எடுப்பது அவற்றைத்தான். அடுத்த தலைமுறை முதலில் கை வைக்க வேண்டியதும் அங்கேதான்.