வல்வைக்கு அளவாக எதுவும் வராது

வடமராட்சிக் கரையில், தொண்டைமானாற்றுக்கும் பருத்தித்துறைக்கும் நடுவே இருக்கிறது வல்வெட்டித்துறை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஆறுதலாக நடந்தே போய்விடலாம். ஆனால் இந்த ஊர்ச் சனம் எதையாவது அளவோடு செய்ததாகச் சரித்திரமே இல்லை. எனக்கு வல்வைமேல் பைத்தியம் பிடித்ததே அதனால்தான்.

பிரபாகரன் பிறந்த ஊர் என்பதுதான் வெளியாட்களுக்கு உடனே நினைவுக்கு வரும். எனக்கு முதலில் வருவது ஒரு கப்பல். ரங்கூன்வரை போய் அரிசி ஏற்றி வந்த பாய்க்கப்பல்களின் துறைமுகம் இது. அப்படி 1930இல் இங்கத்தைய ஓடாவிகள் கட்டி இறக்கியதுதான் ‘அன்னபூரணி’. நீளம் 90 அடிக்குக் கிட்ட. அமெரிக்கக் கடலோடி வில்லியம் ரொபின்சன் அதில் மயங்கி, விலை பேசி வாங்கி, தன் மனைவி பெயரையும் சூட்டிவிட்டார். பிறகென்ன, வல்வை மாலுமிகள் பாய் விரித்து ஓட்ட, அட்லாண்டிக்கைக் கடந்து 1938இல் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறையில் போய் நின்றது கப்பல். சரக்கு ஏற்றுகிற ஊர்கள் எத்தனையோ உண்டு. கப்பலையே அமெரிக்காவுக்கு அனுப்பிய ஊரைக் காட்டுங்கள் பார்ப்போம்!

கப்பல் இல்லாவிட்டால் நீந்தியே போவார்கள். ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்து, இந்தியக் கரையைத் தொட்டு, நீந்தியே திரும்பினார். மொத்தம் 51 மணி நேரம். ஒருவழி போதவில்லை அந்த மனிதருக்கு! ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றது உட்பட கின்னஸில் 7 சாதனைகள். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போதுதான் அவர் உயிர் பிரிந்தது.

இனி பட்டத்துக்கு வருகிறேன். தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்காதவர், பட்டமே பார்க்காதவர் என்பேன். வாடைக்காற்று கடலிலிருந்து நேரே ஊருக்குள் அடிக்கிறது. ஆளைவிடப் பெரிய பட்டத்தை நாலைந்து இளைஞர் தூக்கிப் பிடிக்க, இன்னும் சிலர் கயிற்றோடு மணலில் ஓடுகிறார்கள். மேலே போனதும் கொக்கு சிறகடிக்கிறது, ஹெலிகொப்டரின் விசிறி சுற்றுகிறது. எனக்குக் கழுத்து வலித்ததே தவிர, தலையைக் கீழே இறக்க மனம் வரவில்லை.

இதில் என் மனதைக் கொள்ளையடித்தது விண். மெல்லிய சலாகையை வில்லாக வளைத்து, நாரையோ பார்சல் நாடாவையோ விறைப்பாக இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பூட்டுகிறார்கள். காற்றுப் பட்டதும் நாடா அதிர்ந்து கூவத் தொடங்கும். நாடாவின் அகலம் மாறினால் குரலும் மாறும். பக்கத்தில் நின்ற ஒரு அண்ணை அண்ணாந்துகூடப் பாராமல், “அது எங்கட பெடியன்ர விண்” என்றார். இரவில் பட்டத்தை இறக்காமல் மரத்தில் கட்டிவிட்டுப் படுப்பாரும் உண்டு; விடியும்வரை கூவல்தான். நித்திரை போச்சே என்று யாரும் சண்டைக்குப் போனதாகத் தெரியவில்லை.

தைப்பொங்கலுக்குப் போகிறவர்கள் மத்தியானமே கரையில் இடம் பிடித்துவிடுங்கள். பின்னேரம் போனால் முன்னால் நிற்கிற சனத்தின் முதுகைத்தான் பார்க்கலாம்.